துண்டுக்கடியில் ஒரு பாலிசி

பயம் வந்தால் நான் ஜோக்கடிப்பேன். சின்னப் பயத்துக்குச் சின்ன ஜோக், பெரிய பயத்துக்குப் பெரிய ஜோக். அந்த ஐப்பசியில் நான் அடித்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆளு என்னமோ பெரிய சந்தோசத்துல இருக்கான்" என்று மேல்மலைக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். அத்தனையும் பயம் என்று எனக்குத்தான் தெரியும். வீட்டுக்காரிக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

காரணம் வண்டி. கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற தோட்டங்களில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் ஏற்றி, பழனி மலைப்பாதை வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது என் சோலி. சொந்த பிக்கப். கொஞ்ச நாளாக அது டீசலோடு சேர்த்து ஆயிலையும் குடிக்க ஆரம்பித்திருந்தது. ஏற்றத்தில் அது விடுகிற புகையைப் பார்த்து, மேகம் இறங்குது என்று சுற்றுலா வந்தவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். பெருமாள்மலை மெக்கானிக் பானெட்டைத் திறந்தான், பார்த்தான், மெதுவாக மூடினான். "ஓடுற வரைக்கும் ஓட்டுங்கண்ணே" என்றான். ஆஸ்பத்திரியில் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஆசைப்பட்டதைக் குடுங்க' என்பார்களே, அதே குரல்.

வண்டி நின்றால் லோடு நிற்கும். லோடு இரண்டு நாள் நின்றால் தோட்டக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார். பறித்த பீன்ஸ் எனக்காகக் காத்திருக்காது. வத்தலக்குண்டில் ஒருத்தர் நல்ல நிலைமையில் ஒரு பிக்கப்பை விற்க வைத்திருந்தார். அதை வாங்கப் பணம் வேண்டும். பேங்க்குக்குப் போகலாமென்றால், மகளின் நர்சிங் படிப்புக்கு வாங்கின கடனே அங்கே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. என் பேரில் மிச்சமிருந்த ஒரே சொத்து, பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் கிடந்த எண்டோமென்ட் இன்சூரன்ஸ் பாலிசி. இருபது வருஷப் பாலிசி. முடிய இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

அந்தப் பாலிசியை நான் எதிர்காலத்தை நினைத்துப் போடவில்லை. மச்சினனை நினைத்துப் போட்டேன். என் மனைவிக்கு ஆயக்குடி. அவள் தம்பி கொய்யாத் தோட்டம் பார்த்துக்கொண்டே இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் ஆன புதிதில், "மாமா, மொதக் கேஸு நீங்கதான். நீங்க போட்டாத்தான் எனக்கு ராசி" என்று வந்து நின்றான். மகள் அப்போது கைக்குழந்தை. மாமியார் பக்கத்தில் காப்பி டம்ளரோடு நின்றார். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு எந்த மருமகன் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்? எங்கள் பக்கத்தில் பாதிப் பாலிசி இப்படிப் போட்டதுதான். அதனாலேயே அதை உடைப்பது பணக் காரியம் மட்டும் இல்லை. மாமனார் வீட்டில் போட்ட மோதிரத்தை அவர்கள் தெருவிலேயே அடகு வைப்பது மாதிரி.

ஆகவே மச்சினனிடம் போகவில்லை. பழனியில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்கு நானே போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, இப்போது சரண்டர் பண்ணினால் வருகிற தொகையைச் சொன்னார். இதுவரை கட்டியதைவிட அது குறைவாக இருந்தது.

"மூணு வருசம் பொறுத்தீங்கன்னா போனஸோட முழுசா வரும் சார். நடுவுல ஒண்ணு ஆயிட்டாலும் வீட்டுக்கு முழுசாப் போயிரும்."

"எனக்கு அந்த ஒண்ணு ஆகுறதா இருந்தா, எப்ப ஆனா நல்லதுன்னு நெனைக்கிறீங்க?" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் ஒட்டன்சத்திரத்தில் கேரட்டை இறக்கிவிட்டு, நான் வழக்கமாக லோடு கொடுக்கிற கமிஷன் மண்டி முதலாளியிடம் இந்தக் கதையை ஜோக்காகச் சொன்னேன். வயதானவர். மண்டி போடுவதற்கு முன்னால் பல காலம் மாட்டு வியாபாரம். காய்க்கு விலை ஏலத்தில் சத்தமாகப் போகும், அது வேறு. மற்றபடி எந்தப் பேரம் வந்தாலும் அவருக்கு மாட்டுச் சந்தைப் பழக்கம்தான்: கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார். பேத்திக்கு வளையல் வாங்கப் போனாலும் கடைக்காரன் கையைத் துண்டால் மூடுவார் என்று மண்டியில் சொல்வார்கள்.

என் ஜோக்குக்கு அவரும் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"கம்பெனிக்காரன் குடுக்குறதுக்கு மேல நான் தாரேன். பாலிசியை என் பேருக்கு மாத்திக் குடு. மிச்சத் தவணையை நான் கட்டிக்கிறேன். முடியிறப்ப வர்றது எனக்கு."

"நடுவுல நான் போயிட்டேன்னா மொதலாளி?"

"அதுவும் எனக்குத்தான். மரத்தை வாங்குனவனுக்குத்தானப்பா தேங்கா."

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கைமேல் போட்டார். கணக்கு லேசானது. ஒரு விரல் என்றால் பத்தாயிரம். கம்பெனி தருவதற்கு மேலே எத்தனை விரல் என்பதுதான் பேச்சு. நான் ஐந்து விரலையும் விரித்துக் கொடுத்தேன். அவர் மூன்றை மடக்கிவிட்டு இரண்டைப் பிடித்தார். நான் தலையாட்டினேன், முடியாது என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைக் காட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"சுகர் இருக்கா?"

"சேச்சே, ஒண்ணும் கெடையாது" என்றேன் பெருமையாக.

அவர் ஒரு விரலை விட்டுவிட்டார். பிடியில் மிச்சம் ஒரே விரல்.

அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. மாட்டை விற்கிறவன் சுழியையும் நொண்டியையும் மறைப்பான். நான் விற்கிற சரக்கில் குறை இருந்தால்தான் விலை.

"சுகர் இல்ல. ஆனா கெறக்கம் வரும்" என்றேன்.

"எப்ப?"

"வளைவுல திரும்புறப்ப."

இரண்டு விரல்.

"நெஞ்சுகூட அப்பப்பப் பிடிக்கும். எடது கை மரத்துப்போகும்." எனக்கு வருவது வாயு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வேலியா போட்டிருக்கிறது?

மூன்று விரல்.

"அப்பா எப்படித் தவறினாரு?"

"நெஞ்சுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட நேரமில்ல." எங்கள் அப்பா எண்பதைத் தாண்டி, மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை பாருங்கள்.

"அடடா" என்று வாய் வருத்தப்பட்டது. துண்டுக்குள்ளே கை நாலாவது விரலைப் பிடித்தது. நான் உற்சாகத்தில் இருமியும் காட்டினேன். ஐந்து விரலும் முடிந்து கை முழுசாக அவர் பிடிக்குள் போனது. அந்தக் கூடுதலும் கம்பெனித் தொகையும் சேர்ந்தால் வத்தலக்குண்டு வண்டிக்குச் சரியாக வரும்.

மேசை டிராயரைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அச்சாரம். "தேய்பிறையா இருக்கு. அமாவாசை கழியட்டும், வளர்பிறையில எழுதிக்குவோம்" என்றார். அச்சாரம் கைமாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் விற்கிறவன் நழுவினால் மார்க்கெட்டில் அவன் வண்டியை யாரும் பின்னால்கூட எடுக்க விடமாட்டார்கள்.

சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். ஆயக்குடி வரும்போது வழக்கத்தைவிட வேகமாக ஓட்டி, மச்சினனின் கொய்யாக் கடை தெரிகிற இடத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டேன். அம்பது வயசு ஆள், சொந்த மச்சினனுக்குப் பயந்து. பழனி தாண்டி மலை ஏறத் தொடங்கினதும் மழை தூறியது. மூன்றாவது வளைவிலோ நாலாவது வளைவிலோ எனக்குக் கிறக்கம் வந்தது.

நிஜமாகவே வந்தது. மண்டியில் நான் சொன்ன வரிசைப்படியே எல்லாம் வந்தது. முதலில் கிறக்கம், பிறகு நெஞ்சு, பிறகு இடது கை. இருமல்கூட வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மழைத்தண்ணீர் கண்ணாடியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாகப்போகிறோம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் மனிதர்கள் கடவுளை நினைப்பார்களாம். கீழே பழனியில் முருகன் கோபுரம் விளக்கோடு தெரியக்கூடச் செய்தது. நான் கணக்குப் போட்டேன்: பாலிசி இன்னும் அவர் பேருக்கு மாறவில்லை. ஆகவே இன்றைக்குச் செத்தால் பணம் வீட்டுக்கு. வளர்பிறையில் செத்தால் மண்டிக்கு. சாவதென்றால் இந்த அமாவாசைக்குள் செத்துவிடுவதுதான் குடும்பஸ்தனுக்கு அழகு. அதற்கப்புறம் மூன்று வருஷம் கட்டாயம் உயிரோடு இருக்கவேண்டும், அவர் லாபத்தைக் கெடுக்கவாவது.

பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. நெஞ்சு லேசானது. வண்டியை எடுத்தேன். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும், கிறக்கம் வருகிறதா என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். தலையை அப்படி ஆட்டினால் யாருக்கும் கிறக்கம் வரும் என்பது மறுநாள்தான் விளங்கியது.

அந்த வாரம் முதலாளி இரண்டு தடவை போன் செய்தார். "மழை பெய்யுதாமே, பாத்து எறங்குப்பா" என்றார் ஒரு தடவை. போன வருஷமும் இதையேதான் சொல்லியிருப்பார். இப்போது எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. இன்னொரு தடவை, "ஒரு நூறு கிலோ சேத்து ஏத்திக்கிறியா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் பிரேக்கைப் பரிசோதித்தேன்.

அதற்கடுத்த வாரம் லோடு குறைந்தது. முதலில் ஒரு பீன்ஸ் தோட்டக்காரர் "இன்னைக்கு வேற வண்டி வந்துருச்சுப்பா" என்றார். அப்புறம் ஒரு கேரட்காரர். மூன்றாவது ஆள், எனக்குப் பல வருஷப் பழக்கம், முட்டைக்கோஸ் போடுகிற பெரியவர். வெள்ளனே போய் நின்றேன். மூட்டைகள் கட்டி வரப்போரம் அடுக்கிக் கிடந்தன. என்னைப் பார்த்துவிட்டு மூட்டைகளைப் பார்த்தார்.

"ஏலே, தப்பா எடுத்துக்காத. உனக்கு வளைவுல கெறக்கம் வருதாமே?"

"யாரு சொன்னது?"

"மார்க்கெட்டே சொல்லுது. நீ போயிச் சேந்தா பொண்டாட்டிக்குப் பாலிசி கெடக்கு. என் கோசுக்கு எவன் பாலிசி போட்டிருக்கான்?"

துண்டு விலையைத்தான் மறைக்கும். வாயை மறைக்காது. சுற்றி மூட்டை தூக்குகிறவர்கள், எடை போடுகிறவர், கணக்கெழுதுகிறவர் எல்லாரும் இருக்கும்போது, விரலை மட்டும் பத்திரமாக மூடிவைத்துவிட்டு நோயையெல்லாம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். மாட்டுச் சந்தையில் நின்று பழகின எந்த மனிதனும் செய்யாத தப்பு. காய்கறி வண்டிக்காரன்தான் செய்வான்.

வெறும் வண்டியோடு வீடு திரும்பினேன். மனைவி ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவே கூடாது. இருந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதாளா, வெங்காயம் நறுக்கினாளா என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா நெஞ்சு வலிக்குது?"

"யாருக்கு?"

"தம்பி போன் பண்ணான். கொய்யா எறக்க மார்க்கெட் போனவங்கிட்ட எல்லாரும் துக்கம் விசாரிக்காங்களாம். அழுகான் போன்ல. மாமாவுக்கு இப்படி இருக்குன்னு ஏங்க்கா என்கிட்ட மறைச்சேன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல?"

சொன்னேன். புகையிலிருந்து அச்சாரம்வரை எல்லாவற்றையும், இடையிடையே நல்ல ஜோக்குகள் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டே கத்தியைக் கழுவி வைத்தாள்.

"ஆக, உங்களை வித்துட்டு வந்திருக்கீங்க."

"பாலிசியைத்தான்."

"எவ்வளவுக்கு?"

தொகையைச் சொன்னேன்.

"அம்புட்டுப் போகுதா?" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவள் விடவில்லை. "நெஞ்சுவலி பொய்தானா?"

"சத்தியமாப் பொய்."

"அன்னைக்கு மலையில வண்டிய ஓரங்கட்டுனேன்னு இப்பத்தானே சொன்னீங்க."

"அது வாயு."

"வாயுன்னு டாக்டர் சொல்லட்டும்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். ஈசிஜியில் கோளாறு என்று வந்தால் முதலாளி கையைப் பிடித்து ஆறாவது விரல் கேட்பேன் என்றேன். ஒன்றுமில்லை என்று வந்தால் விலை இறங்கிவிடும், வண்டி வாங்க முடியாது. கோளாறு என்று வந்தால் விலை நிற்கும், வண்டி ஓட்ட முடியாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி. உலகத்திலேயே ரிசல்ட் வருவதற்கு முன்பே இரண்டிலும் ஃபெயிலான ஆள் நான்தான் என்றேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர். வெளியே பனிமஞ்சு இறங்கி, எதிரே இருந்த மருந்துக்கடை போர்டு மறைந்தது. என் ஜோக்குகள் தீர்ந்துபோயின. அப்படித் தீர்ந்து நான் பார்த்ததே இல்லை. கை நிஜமாகவே மரத்திருந்தது, அல்லது அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேனோ என்னவோ.

அப்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வண்டி நின்னாக்கூட என் சம்பளத்துல அரிசி பருப்பு வாங்கிருவேன். ஆறு மாசம் கஷ்டப்பட்டுக்கலாம். நீங்க இல்லாட்டி எனக்குன்னு இருக்கது அந்தப் பேப்பரு மட்டும்தான். அதுல என் பேரு போட்டிருக்கு. அவரு பேருக்கு மாத்துறப்ப என் பேரு என்னாகும்?"

"போயிரும்."

"அதை யாருகிட்டக் கேட்டுப் பேரம் பேசுனீங்க?"

துண்டுக்கடியில் இருந்தது என் கை. விலை பேசியது அவள் பங்குக்கு. இதைக் கேட்ட பிறகு எனக்கு நெஞ்சு உண்மையிலேயே வலித்தது. ஆனால் எந்த மெஷினிலும் தெரியாத வலி.

உள்ளே கூப்பிட்டார்கள். நெஞ்சில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டிக்கொள்ள நினைத்தேன். எதை வேண்டுவது என்று இப்போது குழப்பம் இல்லை.

இளம் டாக்டர். காகிதத்தை நீட்டிப் பார்த்தார். "ஹார்ட் நல்லா இருக்கு. பி.பி. கொஞ்சம் ஏறியிருக்கு, உப்பைக் குறைங்க. டென்ஷன் ஏதும் உண்டா?"

"இல்ல சார், நான் ரொம்ப ஜாலியான ஆளு" என்றேன். டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தாள்.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு, லோடு இல்லாத வண்டியில், ஒட்டன்சத்திரம் இறங்கினேன். நழுவுகிறேன் என்று நானாகச் சொல்ல முடியாது, அச்சாரம் வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் இருந்தால் வளர்பிறை இரண்டு நாளில். மார்க்கெட் உச்சத்தில் இருந்த நேரமாகப் பார்த்து மண்டி வாசலில் நின்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினேன்.

"மொதலாளி, டாக்டர்கிட்டப் போனேன். நெஞ்சுல ஒண்ணுமில்லையாம். கல்லு மாதிரி இருக்குன்னுட்டாரு."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஈசிஜியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அப்ப கெறக்கம்?"

"வாயு."

"கை மரத்துப்போனது?"

"அதுமேல உக்காந்திருந்தேன்."

"உங்கப்பா?"

"எம்பது தாண்டிக் குழம்புச் சோறு சாப்புட்டுட்டுப் போனாரு. எங்க வம்சத்துல எல்லாருக்கும் ஆயுசு கெட்டி."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவர் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். துண்டுக்கடியில் ஐந்தாவது விரல் விடுபட்டது. நாலாவது. மூன்றாவது. நான் அப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை. விலை இறங்க இறங்க எனக்குக் கன்னம் விரிந்துகொண்டே போனது. கடைசியில் சுண்டுவிரல் மட்டும் மிச்சம். அதையும் ஒரு தடவை நிமிண்டிவிட்டுக் கையை விட்டார். கம்பெனித் தொகைக்கு மேலே ஒரு பைசா இல்லை.

"இப்ப இதுதான் வெல. சம்மதமா?"

"கட்டுபடியாகாது மொதலாளி."

"வெலையை மாத்துனது நான். அச்சாரத்தைக் குடு, போ."

ஐந்நூறைக் கொடுத்தேன். வாங்கி டிராயரில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏப்பா, உனக்கு இம்புட்டுப் பயமா இருந்தா ஏன் பேச வந்த?" என்றார். கோபமில்லை. எனக்காகச் செலவழிக்க வைத்திருந்த தொகையைப் பேத்தி பேருக்கு டெபாசிட்டில் போடப்போவதாகச் சொன்னார். அவருக்கு நான் ஒரு நல்ல வட்டி, அவ்வளவுதான். என்னைக் கொல்ல யாரும் திட்டம் போடவில்லை. அந்த இரண்டு வாரமும் என் தலைக்குள் அவர் எத்தனை வளைவில் எண்ணெய் ஊற்றியிருந்தார் என்று தெரிந்தால் வருத்தப்படுவார், பாவம்.

திரும்பும்போது ஆயக்குடியில் குனியவில்லை. கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். மச்சினன் கொய்யாப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தான். முதலில் என்னைக் கட்டிப்பிடித்தான். ஈசிஜியைப் படித்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"ஊருல எவன்கிட்டயோ போயி விக்கப் பாத்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என் மொதக் கேஸு மாமா அது."

"உங்கிட்டச் சொன்னா ஆயக்குடி பூராத் தெரிஞ்சிரும்னுதான் மாப்ள."

"இப்ப திண்டுக்கல் வரைக்கும் தெரியுது. பரவால்லையா?"

பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். அவன் ஒரு பழுத்த கொய்யாவை எடுத்துத் துடைத்து, எனக்குக் கொடுக்காமல் அவனே கடித்தான். கோபம் இருக்கிறது என்று அர்த்தம்.

"பாலிசிமேல லோன் போடலாம்ல. பாலிசியும் நிக்கும், அக்கா பேரும் நிக்கும்."

"எவ்வளவு வரும்?"

சொன்னான். வத்தலக்குண்டு வண்டிக்குப் பத்தாது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். பழைய வண்டியின் என்ஜினை இறக்கி, மாற்ற வேண்டியதை மாற்றி, மறுபடி ஏற்றலாம். அதற்குச் சரியாக இருக்கும். புது வண்டிக் கனவு அவ்வளவுதான்.

"வட்டி ஒழுங்காக் கட்டணும் மாமா. கட்டாம விட்டீங்கன்னா ஏறிக்கிட்டே போகும். நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா லோன் போக மிச்சம்தான் அக்காவுக்கு."

"எல்லாரும் இந்த 'நடுவுல ஏதாச்சும்'தான் பேசுறீங்க. ஆகாம இருந்தா என்னன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க."

"ஆகாம இருந்தா தவணை கட்டணும்" என்றான்.

லோன் வந்தது. பெருமாள்மலை மெக்கானிக் என்ஜினை இறக்கி, குடலையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, கொஞ்சம் புதிசும் கொஞ்சம் பழசுமாக வைத்துத் தைத்தான். அத்தனை நாளும் ஹாஸ்டல் சம்பளத்தில்தான் சோறு. சாப்பிடும்போது நான் வழக்கம்போல ஜோக்கடித்தேன். அவள் வழக்கம்போல இன்னொரு கரண்டி போட்டாள், உப்பில்லாமல்.

வண்டி வந்ததும் முட்டைக்கோஸ் பெரியவரிடம் போனேன். ஈசிஜியைக் காட்டினேன். நகல் எடுத்து, லேமினேட் செய்து, பெர்மிட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருந்தேன். அவர் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் அந்தக் கோடுகளில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார். கடைசியில், "ஏத்து. ஆனா நானும் வாரேன்" என்றார்.

மூட்டைகளை ஏற்றினோம். என்னை ஒன்றைக்கூடத் தூக்க விடவில்லை. கேபினில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மடியில் மஃப்ளரைச் சுருட்டி வைத்துக்கொண்டார். என்ஜின் புகையில்லாமல் ஓடியது. பெருமாள்மலை தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வளைவு வந்தது.

"நல்லாருக்கியாப்பா?"

"நல்லாருக்கேன் பெரியவரே."

இரண்டாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் கை மெதுவாக வந்து ஹேண்ட்பிரேக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. எடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். கீழே போய்ச் சேர்வதற்கு வளைவு நிறைய இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.